ஒரே லோட் எண்ணில் முப்பத்தொரு வீடுகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்பது ஆண்டு தபால் கொடுத்துவிட்டுத்தான் நான் கிள்ளான் பக்கம் பண்டமாரானுக்கு வந்தேன். அதனால் புது இடம் என்ற பயம் எனக்கு இல்லை. லிஃப்ட் ஓடாத ஐந்து மாடிக் குடியிருப்புகள், பூட்டு துருப்பிடித்துத் திறந்தே கிடக்கும் தபால் பெட்டி வரிசைகள், பார்சலை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் தெரியவே தெரியாது என்று சாதிக்கும் காவலாளிகள், எல்லாம் பார்த்தாயிற்று. கணவருக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டும் வேலை நிலையானதும் கிள்ளானுக்கே வீடு மாறினோம். நானும் மாற்றல் கேட்டு எழுதினேன். கிடைத்தது.

எனக்குக் கொடுத்த பாதையை அதற்கு முன் பார்த்து வந்தவர் ஒரு மலாய்க்காரர். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மூன்று நாள் என் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலேயே தன் மோட்டாரில் வந்தார். எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும், எந்தத் தாமான் குடியிருப்பில் பன்னிரண்டாம் எண்ணுக்குப் பிறகு நாற்பது வரும் என்றெல்லாம் காட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் கடைசியாக, துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளத்துக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவில் இருக்கிற ஒரு கம்பத்துக் குடியிருப்பின் முனையில் மோட்டாரை நிறுத்தினார்.

உள்ளே போகவில்லை. முனையில் ஒரு சீன ஆன்டியின் மளிகைக் கடை இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று. கையிலிருந்த கடிதக் கட்டை அதற்குள் போட்டார், மூடினார், மோட்டாரைத் திருப்பினார். அவ்வளவுதான் வேலை.

ஏன் என்று கேட்டேன். இந்தக் கம்பம் முழுவதற்கும் நிலத்துண்டுக்கான ஒரே லோட் எண்தான் என்றார். ஒரு காலத்தில் ஏதோ கம்பெனி தன் ஆட்களுக்காகக் கட்டிய பலகை வீடுகள். கம்பெனி போய்விட்டது, ஆட்கள் தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் வளர வளர ஒட்டியும் நீட்டியும் கட்டி, இப்போது முப்பத்தொரு வீடு. வீட்டுக்கு எண் இல்லை, சந்துக்குப் பெயர் இல்லை, தபால் பெட்டி ஒன்றுகூட இல்லை. பெட்டி வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வைக்காவிட்டால் பக்கத்தில் பத்திரமான ஓர் இடத்தில் சேர்த்துவிட்டுப் போகலாம். அந்த பிஸ்கட் டின்தான் பத்திரமான இடம் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்.

அவர் போன பிறகு டின்னைத் திறந்து பார்த்தேன். மேலே இருந்தவை அன்றைய கடிதங்கள். அடியில் கிடந்தவை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக் கட்டு மாதிரி இருந்தன. யார் வேண்டுமானாலும் வந்து கிண்டி, தங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வந்த முதல் வாரத்திலேயே சட்டம் பேச வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரம் அந்தக் கம்பத்துக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பழுப்பு உறை. மூலையில் அடையாள அட்டை கொடுக்கும் பதிவு இலாகாவின் முத்திரை. ஒரு பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், கீழே அந்த லோட் எண். பதிவுத் தபாலை டின்னில் போட முடியாது. உரியவர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அதே வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவர் தன் அடையாள அட்டையான ஐசியைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

கடை ஆன்டியிடம் பெயரைச் சொன்னேன். அவர் நாற்பது வருடமாக அங்கே கடை வைத்திருப்பவர், தமிழ் நன்றாகவே பேசுவார். தலையைக் கூட யோசனையாகச் சாய்க்காமல், “அப்படி ஆள் இங்க இல்லலா,” என்றார்.

பழைய தபால்காரருக்குப் போன் செய்தேன். அவருக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. முன்பும் இரண்டு தடவை அதே இடத்திலிருந்து வந்ததாம். கடையில் அறிவிப்புச் சீட்டை வைத்தாராம், யாரும் வரவில்லையாம், திருப்பி அனுப்பிவிட்டாராம். குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விதிப்படிதான் செய்திருந்தார். ஆனால் மூன்றாவது தடவையும் ஓர் அலுவலகம் விடாமல் எழுதுகிறது என்றால் எழுதப்படுகிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மோட்டாரைக் கடையோரம் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போனேன். முதல் நாள் மழையில் சந்து முழுக்கச் சேறு. மூன்று நாய்கள் கூடவே வந்தன. நாய்க்குப் பயப்படாமல் நடப்பது ஒன்பது வருடத்தில் வந்த பழக்கம். பையைக் காலுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, ஓடாமல், கண்ணைப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

மனிதர்கள்தான் கஷ்டமாக இருந்தார்கள். என் சீருடையைப் பார்த்ததும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. திறந்திருந்த வீடுகளிலும் ஒரே பதில்தான். “அப்படி யாரும் இல்ல.” “தெரியாதுக்கா.” ஒரு வீட்டில் பெயரை நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐசியில் இருக்கிற பெயர் ஒன்றாகவும் கூப்பிடுகிற பெயர் வேறாகவும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதனால்தான் இவர்களுக்குப் புரியவில்லை என்று நான் நினைத்தேன்.

கால்வாய் ஓரமாகக் கடைசி வரிசையில் ஒரு நீல வீடு. உள்ளே தேங்காய் துருவும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டேன். மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

கதவில் வந்து நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் தேங்காய்ப் பூ. பின்னாலேயே ஒரு தையல் மெஷினும், அதில் பாதி தைத்த ஒரு ரவிக்கையும் தெரிந்தன. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த உறையை மட்டும் பார்த்தார்.

“அந்தப் பேர்ல இங்க ஆள் இல்லம்மா,” என்றார்.

வேலையில் சில விஷயங்கள் யாரும் சொல்லாமலே தெரியவரும். வாசலில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அது யாருடைய பெயரோ அவர்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஒரு நொடி நிற்கும். அந்நியப் பெயர் என்றால் நிற்காது. இந்த வீட்டில்தான் அவள் இருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

எந்த இலாகாவிலிருந்து வந்திருக்கிறது என்று உரக்கச் சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்கக்கூடும். ஆனால் எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை, பக்கத்து வீட்டு வேலியில் இன்னொரு தலை. அடையாள அட்டை இல்லாத பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அந்தக் குடும்பம் அதை எப்படி மூடி மூடி வைக்கும் என்பது எனக்குத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸிலும் பார்த்திருக்கிறேன். அதை நான் சந்து நடுவே நின்று சொல்வதற்கில்லை. அறிவிப்புச் சீட்டில் என் பெயரையும் நான் வரும் நேரத்தையும் எழுதி அவர் கையில் கொடுத்தேன். நாளைக்கும் வருவேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

உறையின் மேல் ‘ஆள் இல்லை’ என்று எழுத அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், ஆள் இருக்கிறார், வாங்க யோசிக்கிறார், வைத்திருக்கக்கூடிய கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் ஆன்டி கடையிலேயே உட்கார்ந்து பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். ஒட்டியிருந்தவற்றைப் பிரித்து, பெயர் வாரியாக அடுக்கினேன். நூற்றுக்கும் மேலே இருந்தன. வங்கிக் கடிதங்கள், பள்ளிக்கூடத்து அறிக்கைகள், மருத்துவமனைத் தேதிச் சீட்டுகள், இரண்டு கல்யாணப் பத்திரிகைகள். அந்தக் கல்யாணங்கள் இரண்டும் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தன. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் சந்துக்குள் போனேன். இந்தத் தடவை அந்தப் பெண்ணின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, என் கடிதக் கட்டிலிருந்த பெயர்களை வாசித்தேன்.

நாலாவது வீட்டிலிருந்து துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஓர் அண்ணன் வெளியே வந்தார். நல்ல ஆகிருதி. வழியை மறித்து நின்றார்.

“யாரு நீங்க? மஜ்லிஸா?”

நகராண்மைக் கழகத்து ஆளா என்று கேட்கிறார். தபால் என்றேன். தபால்காரன் இருபது வருடமாக உள்ளே வந்ததே இல்லையே என்றார். இனிமேல் வருவேன் என்று சொல்லிவிட்டு அவர் பெயரைக் கேட்டேன். தயக்கமாகச் சொன்னார். கட்டுக்குள் தேடி மூன்று உறைகளை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒன்று அவர் மனைவியின் கண் ஆபரேஷனுக்கான தேதி. அது போன மாதம் கடந்துபோயிருந்தது.

அவர் அந்தச் சீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஆஸ்பத்திரியில் இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை என்று அவர்கள் வீட்டில் குறை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். போன் செய்து புதுத் தேதி கேளுங்கள், கொடுப்பார்கள் என்றேன். தலையாட்டினார். பிறகு தானாகவே நாய்களை அதட்டி விரட்டிவிட்டு, எந்தப் பெயர் எந்த வீடு என்று காட்டிக்கொண்டே கூட நடந்தார். அவர் வருவதைப் பார்த்து மற்ற கதவுகளும் திறந்தன. மதியத்துக்குள் பையில் பதினொரு கடிதம்தான் மிஞ்சியது. அவையெல்லாம் அங்கிருந்து போய்விட்டவர்களுடையவை.

நீல வீட்டுக்கு ஒரு கடிதமும் இல்லை. இருந்தாலும் வாசலில் நின்று, இன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் இல்லை அக்கா, அது ஒன்றுதான் ஆபீஸில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குப் பின்னால் தையல் மெஷின் காலியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆன்டி கடைமுன் மோட்டாரை நிறுத்தும்போது ஒரு பெண் குடையோடு நின்றிருந்தாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். என்னைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

“அக்கா, அந்த லெட்டர் இன்னும் இருக்கா?”

“யார் பேர்ல உள்ளது?”

அவள் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் உறையில் இருந்தபடியே, ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள். அன்று உறையை ஆபீஸிலிருந்து எடுத்து வந்திருந்தேன், பையில்தான் இருந்தது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“ஐசி இருக்காம்மா?”

“இல்லக்கா,” என்றாள். “அதுக்குத்தான் அந்த லெட்டர்.”

கடை ஆன்டி கல்லாவில் சில்லறையை அடுக்குவது போல் குனிந்துகொண்டார். வீட்டில் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும், உன் அம்மாவிடம் போவோம் என்றேன். அம்மா போட மாட்டார்கள் என்றாள். தான் இங்கே வந்ததே அவர்களுக்குத் தெரியாது என்றாள். சரி, நான் பேசுகிறேன் என்று அவள் குடைக்குள்ளேயே சேர்ந்து நடந்தேன்.

எங்கள் இருவரையும் சேர்த்து வாசலில் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மகளைத் திட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெல்ல மெல்லத்தான் சொன்னார். கோவிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு செய்யவில்லை. குழந்தை இந்த வீட்டிலேயே பிறந்தது, பிறப்பைப் பதியப் போவதற்குள் புருஷன் விபத்தில் போய்விட்டார். பிறகு ஒவ்வொரு ஆபீஸ் கதவாகத் தட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. சில வருடத்துக்கு முன் ஒரு புரோக்கர் மனு எழுதிக் கொடுத்திருக்கிறான். கவர்மெண்ட் கடிதம் ஏதாவது வந்தால் என்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்காதே, மாட்டிக்கொள்வாய், பிள்ளையைப் பிடித்துத் தடுப்புக் கேம்பில் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவே இல்லை.

“இவள விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?” என்றார்.

நான் உறையை அவர் மடியில் வைக்காமல் என் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதைத் திறக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் பிடிக்க வருகிறவர்கள் மூன்று தடவை பதிவுத் தபால் அனுப்பிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளையோடு இது திரும்பிப் போய்விடும். நாலாவது தடவை எழுதுவார்களா என்று என்னால் சொல்ல முடியாது. இவ்வளவுதான் சொன்னேன். வாங்குங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை.

அவர் மகளைப் பார்த்தார். உள்ளே போய் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து தன் ஐசியை எடுத்து வந்தார். என் கையடக்கக் கருவியின் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார். இரண்டு தடவை அழித்து மறுபடியும் போட வேண்டியிருந்தது.

நான் எழுந்து கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அந்தப் பெண் நின்றபடியே உறையைக் கிழித்து, மலாயில் இருந்ததை வாய்க்குள் வாசித்தாள். அம்மாவுக்காகத் தமிழில் சொன்னாள். நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பிறப்பு தெரிந்த இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்து வர வேண்டும். தேதி வரும் திங்கட்கிழமை.

நாலே நாள். சாட்சி என்றதும் அந்த அம்மா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக மறைத்து வைத்ததை இனி யார் வாசலில் போய்ச் சொல்வது என்றார். பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டவர்களுக்கு வலிப்பு என்றும், கல்யாணப் பேச்சு எடுத்தவர்களுக்கு ஜாதகத்தில் தோஷம் என்றும் சொல்லி வைத்திருக்கிறாராம். மகள் எழுத்தும் மலாயும் பழகியது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களில்தானாம்.

அப்போது வேலியோரமாக அந்த ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் நின்றிருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியவில்லை. அந்த அக்கா ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே வேலியைத் தாண்டி வந்து இந்த அம்மாவின் தோளைப் பிடித்தார்.

“எல்லாருக்கும் தெரியும்லா, கா. தொப்புள் கொடி அறுக்கும்போது விளக்கு பிடிச்சதே நான்தானே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திங்கட்கிழமை நான் பெயரைச் சொல்லிக் கேட்டபோது வீடு வீடாக இல்லை, தெரியாது என்று சொன்னார்களே, அவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. கடை ஆன்டிக்கும் தெரிந்திருந்தது. சீருடை போட்ட யாரோ ஒருத்தி அந்தப் பிள்ளையைத் தேடி வருகிறாள் என்று, யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளாமலே முப்பது வீடும் கதவைச் சாத்தியிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அங்கே குடியிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த அம்மா மட்டும்தான், மகளுக்கு ஐசி இல்லாதது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தார். அன்று அவர் அழுத அழுகையில் பயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அந்த அண்ணன் லீவு போட்டுத் தன் காரில் தாய், மகள், சாட்சி இருவர் என நாலு பேரையும் அழைத்துப் போனார். அவர் மனைவியும், பிரசவம் பார்த்தவரின் மகளும் சாட்சி. மாலையில் போன் செய்து, இன்னும் சில பத்திரங்கள் கேட்டிருக்கிறார்கள், அதற்குக் கடிதம் வரும் என்றார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். கடிதம் வந்தால் நான் கொண்டு வருகிறேன் என்றேன்.

ஆனால் எங்கே கொண்டு வருவது? ஒவ்வொரு தடவையும் நானேதான் இந்தப் பாதையில் வருவேன் என்று நிச்சயமில்லை. நான் லீவு எடுக்கும் நாளில் வேறு ஆள் வந்தால் மறுபடியும் பிஸ்கட் டின்தான். ஆகவே அண்ணனிடம் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரர் கோயில் கொட்டகையில் எல்லாரையும் கூட்டச் சொன்னேன். வீட்டுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பெட்டி, இதுதான் என் கோரிக்கை.

அதை முதலில் எதிர்த்தவரே அந்த அண்ணன்தான். பெட்டி சரி, நம்பர் வேண்டாம் என்றார். பக்கத்துக் கம்பத்தில் இப்படித்தான் ஒரு நாள் வந்து கதவில் சிவப்பு பெயிண்டில் நம்பர் போட்டார்கள், ஆறு மாதத்தில் புல்டோசர் வந்தது என்றார். பாதிப் பேர் ஆமாம் என்று அவர் பக்கம் சேர்ந்தார்கள். அது அவர்கள் கண்ணால் பார்த்தது. அதை இல்லை என்று நான் சொல்ல முடியாது.

“அண்ணே, உடைக்க வர்றவனுக்கு நம்பர் தேவையில்ல,” என்றேன். “அவன் மொத்தமா உடைப்பான். ஒரு வீட்டைத் தேடி வர்றவளுக்குத்தான் நம்பர் வேணும்.”

பிறகு அவர் மனைவி, கண் ஆபரேஷன் தேதி டின்னுக்குள்ளேயே செத்துப்போனதைச் சொல்லி, எனக்கு நம்பர் வேண்டும் என்றார். அதோடு விவாதம் முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்தேன். எண் போடத் தொடங்கியதும் அடுத்த தகராறு. ஒன்றாம் எண் யாருக்கு? யாருக்கும் வேண்டாம். முதலில் வருகிறவன் ஒன்றாம் நம்பரைத்தான் தட்டுவான் என்று பயம். இந்த முனையிலிருந்து தொடங்கலாம் என்றால் இவர்கள் மறுத்தார்கள், அந்த முனையிலிருந்து என்றால் அவர்கள். கடைசியில் நான், ஒன்றாம் எண்ணை முனீஸ்வரருக்கே கொடுத்துவிடலாமா என்றேன். அவரிடம் யார் வந்து என்ன கேட்டாலும் அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆகவே கோயில் ஒன்று. வீடுகள் இரண்டிலிருந்து முப்பத்திரண்டு வரை. இன்றைக்கும் அப்படித்தான்.

பெட்டிகளைப் பார்க்க வேண்டுமே. சமையல் எண்ணெய் டின், பெயிண்ட் வாளி, உடைந்த ரைஸ் குக்கர், இரு பக்கமும் மூடி போட்ட தண்ணீர்க் குழாய் என்று ஆளுக்கொரு விதம். துறைமுகத்தில் வெல்டிங் செய்யும் ஒருவர் பத்துப் பெட்டிகளுக்கு மழை இறங்காமல் மூடி ஒட்டிக் கொடுத்தார். பத்தொன்பதாம் எண்ணின் பெட்டியில் ஒரு கோழி முட்டையிட ஆரம்பித்துவிட்டது. அந்த வீட்டுக் கடிதங்களை மூன்று வாரம் கையில்தான் கொடுத்தேன். இருபத்தாறில் இருக்கும் தாத்தா கடைசி வரை பெட்டி வைக்க மறுத்துவிட்டார். அவருக்குக் கதவிடுக்குதான்.

நான் வீட்டு எண்களைக் குறித்து ஒரு வரைபடம் போட்டு ஆபீஸில் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அதை லேமினேட் செய்து தரம்பிரிக்கும் மேசைக்கு மேலே ஒட்டினார். எழுதுகிறவர்கள் உடனே மாறிவிடவில்லை. பல மாதம் வெறும் லோட் எண்தான் வந்தது. கம்பத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வங்கியிலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் எண்ணைச் சேர்த்துச் சொல்லச் சொல்ல, உறைகளிலும் எண் வர ஆரம்பித்தது.

அந்தப் பெண்ணுக்குப் பதிவு இலாகாவிலிருந்து பிறகு நாலு கடிதங்கள் வந்தன. ஒன்று பத்திரம் கேட்டு, ஒன்று மறுபடியும் அழைத்து, இன்னொன்று பொறுத்திருக்கச் சொல்லி. நடுவில் ஒரு தடவை மனு நிராகரிக்கப்பட்டது என்ற கடிதத்தையும் நான்தான் கொண்டு போனேன். உறையைப் பிரித்துப் பார்த்து அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து துணி வைக்காமல் வெறும் நூலை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த முறை மேல்முறையீட்டுக்கு இருந்த நாட்களில் ஒன்றுகூட வீணாகவில்லை. சாட்சி சொன்னவர்கள் மறுபடியும் போனார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஐசி கிடைத்தது. இப்போது கிள்ளானில் ஒரு துணிக்கடையில் தையல் பகுதியைப் பார்க்கிறாள், மோட்டார் லைசென்ஸும் எடுத்துவிட்டாள். சாலையில் என்னைத் தாண்டிப் போகும்போது ஹார்ன் அடிப்பாள்.

போன மாதம் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். தெலுக் பங்லிமா காராங் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு இருக்கிறதாம். அங்கிருந்து திரும்பி வரும் கடிதங்கள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்துவிட்டனவாம். அந்தப் பக்கத்துத் தபால் ஆபீஸில் என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஒரு மாதம் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எத்தனை வீடு என்றேன். அதுதான் யாருக்கும் தெரியாது என்றார்.

“சரி, திங்கட்கிழமை போய் எண்ணிட்டு வரேன்,” என்றேன்.